நிறுத்த மட்டும் அனுமதி

புது மெஷினை நிறுத்தலாம். காலையில் நிறுத்தலாம், மத்தியானம் நிறுத்தலாம், ஆசைப்பட்டால் ஒரு நாளைக்கு நூறு தடவைகூட நிறுத்தலாம். அதற்கு முத்திரையோடு அனுமதி இருந்தது. ஓடவைக்க மட்டும் கூடாது. ஓடாத ஒன்றை எப்படி நிறுத்துவது என்று சலவையக்கா மெஷின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அவள் தவிப்பு புரியும். இருபத்தைந்து கிலோ துணி கொள்ளும் மெஷின். உள்ளே துளை போட்ட எஃகு டிரம். டிரம்மின் உட்சுவரில் மூன்று மேடுகள். டிரம் சுற்றும்போது அந்த மேடுகள் துணியைத் தூக்கிக்கொண்டு மேலே போய் உச்சியில் கைவிட்டுவிடும். துணி தொப்பென்று தண்ணீரில் விழும். அவ்வளவுதான் சலவை. அடிப்பது, கசக்குவது, அலசுவது எல்லாவற்றையும் அந்த விழுதல் ஒன்றே பார்த்துக்கொள்ளும். கூடவே ஒரு ஹீட்டர், விரல் வைத்தால் கொப்புளம் வரும் அளவுக்குத் தண்ணீரைச் சுடவைக்கும்.

அவள் மெஷின் வாங்கியதே அந்தச் சூட்டுக்காகத்தான். கடைக்கு வரும் துணியில் முக்கால்வாசி பக்கத்துத் தெருவின் நாற்பது படுக்கை ஆஸ்பத்திரியுடையது. ஆஸ்பத்திரித் துணியைக் கையால் துவைக்க முடியாது. கை தாங்குகிற சூட்டில் கிருமி சாகாது; கிருமி சாகிற சூட்டைக் கை தாங்காது. பழைய மெஷினின் பேரிங் உடைந்து, மாற்றுப் பேரிங் எங்கேயும் கிடைக்காமல், கடையை அடகு வைக்காத குறையாக இந்தப் புது மெஷின் வந்து இறங்கியது.

அதன் முகப்பில் இரண்டே பொத்தான்கள். சிவப்பில் ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்’ என்று இருந்தது. அதன் கீழே ‘நிறுத்து’ என்று பித்தளைத் தகடு அடித்திருந்தது. சாம்பல் நிறத்தில் ‘ரன்’ என்று இருந்தது; அதன் கீழே தகடு இல்லை. திருகாணிக்கு இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

மெஷின் வந்து இறங்கிய மறுநாள் காலை கருவி ஆய்வாளர் வந்தார். மெஷினைச் சுற்றி வந்து குனிந்தார், நிமிர்ந்தார், தன் நீள நோட்டில் எழுதினார். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, அதன் பிடியைச் சுற்றிக் கம்பி கட்டி, கம்பியில் ஈய முத்திரை குத்தினார்.

“சார், மெஷின்ல ஏதாவது கோளாறா?”

“அருமையான மெஷின்மா.”

“எர்த்து கொடுத்தது சரியில்லையா?”

“கச்சிதமா இருக்கு.”

“தண்ணி கசியுதா?”

“ஒரு சொட்டு இல்ல. எங்க வீட்டுக்காரம்மாவுக்கே இப்படி ஒண்ணு வாங்கிக் குடுக்கலாமான்னு தோணுது.”

“அப்புறம் எதுக்கு சார் சீல்?”

ஆய்வாளர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். “பிரிவு ஒன்பது. பொத்தான்ல அந்நியச் சொல் இருந்தா, பக்கத்துல வாரியம் ஒப்புக்கிட்ட நம்ம சொல் தகட்டுல இருக்கணும். இதுக்கு இருக்கு. அதுக்கு இல்ல. தகடு வாங்கி மாட்டிட்டு ஒரு மனு குடுங்க. மறுநாளே வந்து சீலைப் பிரிச்சுவிடறேன்.”

“தகடு எங்க சார் விக்குது?”

“விக்காது. வாரியம் இன்னும் அந்தச் சொல்லை முடிவு பண்ணல.”

“அது வரைக்கும் நான் என்ன பண்றது?”

ஆய்வாளர் நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்தார். “நிறுத்து பொத்தானுக்குத் தடையே இல்லம்மா. அதைத் தாராளமா உபயோகிங்க.”

இஸ்திரி மேசையில் நின்றிருந்த நாத்தனார் பெட்டியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்தாள். அவள் பேசப்போகிறாள் என்பதற்கு அது அடையாளம். “அண்ணி, அவர் போகட்டும், ஒரு பிளேடு எடுத்து அந்தக் கம்பியை...”

“முத்திரையை உடைச்சா கடையையே மூடிடுவாங்கடி.”

“இப்ப மட்டும் திறந்தா இருக்கு?”

ஆஸ்பத்திரிக்குச் செய்தி போனது. மேட்ரன் நேரில் வந்தாள். அவளுக்கு நீட்டி முழக்கிப் பேசத் தெரியாது. “அலமாரியில பத்து நாளைக்கு விரிப்பு இருக்கு. பதினோராம் நாள் காலையில எனக்கு வெந்து வெளுத்த துணி வேணும். வரலைன்னா வேற கடை. உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அறுத்துத் தைக்கிற இடத்துல நான் கோபத்தைப் பார்க்க முடியாது, விரிப்பைத்தான் பார்க்கணும்.”

ஆஸ்பத்திரி போனால் கடை போகும். நாத்தனாருக்கு அந்த இஸ்திரி மேசையைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. சலவையக்கா செருப்பை மாட்டிக்கொண்டு சொல் நிர்ணய வாரியத்துக்குக் கிளம்பினாள்.

வாரியம் மூன்றாவது மாடியில் இருந்தது. படியேறும்போது கீழ்த்தளத்தில் ஒரு தண்ணீர் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. மேலே வாசலில், கல்லில் வெட்டிய எழுத்தில், ‘ஒரு சொல்லுக்கு ஒரே சொல்’ என்று இருந்தது. வாரியத்தின் மொத்தத் தத்துவமும் அதுதான். ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு நம் மொழியில் சொல் ஒன்று. அது எந்த இடத்தில் வந்தாலும் அதே சொல். நடைபாதையில் முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் மூச்சு வாங்க அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார். கைகழுவும் தொட்டியில் குழாய் திறந்தபடி கிடந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சலவையக்காவின் கை தன்னால் போய்க் குழாயை மூடியது.

“தொடாதீங்க! தொடாதீங்க!” என்று ஒருவர் ஓடிவந்து மறுபடி திறந்துவிட்டார். “அது இருபத்திரண்டாவது அட்டைம்மா!”

அவர்தான் ‘ரன்’ பிரிவின் அலுவலர். ஒரே ஒரு வினைச்சொல்லுக்கென்று ஒரு முழு அறை, நான்கு மேசை, சுவர் உயரத்துக்கு இழுப்பறைகள். பொத்தானைப் பற்றிக் கேட்க ஒரு மனுஷி வந்திருக்கிறாள் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. பதினான்கு வருடத்தில் அந்தச் சொல்லைத் தேடி வந்த முதல் ஆள் அவள்தான்.

“‘ஓடு’ன்னு வெச்சிடக் கூடாதா சார்? மெஷின் ஓடுது. அவ்வளவுதானே?”

“எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறாங்க. உட்காருங்க, சொல்றேன்.” அவர் ஓர் இழுப்பறையை இழுத்தார். உள்ளே அட்டைகள். “ஆங்கிலத்துல அந்த ஒரு சொல்லை எங்கெங்க உபயோகிக்கிறாங்களோ, அத்தனைக்கும் ஒரு அட்டை. எங்க கணக்குல அறுநூத்திப் பன்னிரண்டு. ஒரு சொல்லை நாம தேர்ந்தெடுத்தோம்னா, அதை ஒவ்வொரு அட்டையிலயும் பொருத்திப் பார்க்கணும். சும்மா எழுதிப் பார்த்தா போதாது, நேர்ல பார்க்கணும். முதல் அட்டை, மனுஷன் ஓடறான். வெளிய பார்த்தீங்கல்ல?”

“அவர் எதுக்கு ஓடறார்னு நினைச்சேன்.”

“காலையில பத்து மணிக்கு ஒரு தடவை, சாயந்திரம் நாலுக்கு ஒரு தடவை. கொஞ்ச நாளா நாலு மணிக்கு அவர் நடக்கறார்னு ஒரு புகார் வந்திருக்கு, விசாரிச்சுட்டு இருக்கோம்.” அலுவலர் அட்டைகளைச் சீட்டுக்கட்டுபோல விரித்தார். “பஸ் ஓடுது, சரி. படம் ஓடுது, சரி. கடிகாரம் ஓடுது, சரி. பதினாறு அட்டை வரைக்கும் ‘ஓடு’ ஜம்முனு வந்துச்சு. பதினேழுல மாட்டிக்கிச்சு. மூக்கு.”

“மூக்கா?”

“சளி பிடிச்சா ஆங்கிலத்துல மூக்கு ஓடும். நமக்கு?”

“ஒழுகும்.”

“அதேதான்! அங்கயே ரெண்டு வருஷம் நின்னுட்டோம். அப்புறம் தலைவர்தான் வழி சொன்னார். சொல் பொருந்தலைன்னா சொல்லை ஏன் மாத்தணும், வழக்கத்தை மாத்துன்னார். இனிமே மூக்கு ஓடும்னுதான் எல்லாரும் சொல்லணும்னு சுற்றறிக்கை போட்டோம். கீழ மோட்டார் போடறவர் ஒருத்தர், மூக்கு ஒழுகுது, லீவு வேணும்னு எழுதியிருந்தார். திருப்பி அனுப்பிட்டோம். ஓடுச்சுன்னு எழுதினா லீவு. ஒழுகுச்சுன்னா வேலைக்கு வரணும்.”

“இந்தக் குழாய்?”

“குழாயைத் திறந்துவிட்டா அதையும் ஆங்கிலத்துல ஓடுதும்பான். நாம திறந்திருக்குங்கறோம். ஓடுதா, திறந்திருக்கான்னு ஏழு வருஷமா கவனிச்சுட்டு இருக்கோம். அதனால தொட்டி சீக்கிரம் காலியாகுது, நாளைக்கு மூணு தடவை மோட்டார் போட வேண்டியிருக்கு. அறிவு வளரணும்னா தண்ணி செலவாகத்தான் செய்யும்.” அவர் இன்னோர் அட்டையை உருவி, இனிப்பைக் காட்டுவதுபோலக் காட்டினார். “இதான் என் செல்ல அட்டை. தேர்தல். அங்க வேட்பாளர் ஓடறார். இங்க?”

“நிக்கிறார்.”

“ஓடறதும் நிக்கறதும் ஒண்ணா? இதை முடிவு பண்ண ஒரு துணைக்குழு நாலு வருஷம் உட்கார்ந்துச்சு. கடைசியில ஒருமனதா ஒரு தீர்மானம் போட்டாங்க. நிக்கறதுங்கறது வேகமே இல்லாத ஓட்டம்.”

சலவையக்காவுக்குத் தலை சுற்றியது. வேகமே இல்லாத சுற்றல் அல்ல, நல்ல வேகம். “சார், எனக்குப் பத்து நாள்தான் இருக்கு. இதுல ஒரு நாள் போயாச்சு. இன்னும் எத்தனை அட்டை பாக்கி?”

“ஒண்ணே ஒண்ணு.”

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் மறுபடி சொன்னார். அறுநூற்றுப் பதினோரு அட்டைகள் பொருத்தியாகிவிட்டன, அல்லது பொருந்தியதாகச் சுற்றறிக்கை போட்டாகிவிட்டது. முந்நூற்றுப் பதினொன்றாவது அட்டை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. சாயத் துணியை நனைத்தால் சாயம் வெளியேறி அடுத்த துணியில் ஏறுகிறதே, அதையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். நம் மொழியில் சாயம் ஓடும் என்று சொல்லலாமா? அதற்குத் துறை வல்லுநர் ஒருவர் நேரில் செய்து காட்டிச் சாட்சி சொல்ல வேண்டும். ஒன்றரை வருடமாக வல்லுநர் கிடைக்கவில்லை.

“ஆமா, நீங்க என்ன தொழில்னு சொன்னீங்க?” என்றார் அலுவலர்.

“சலவைக்கடை.”

பிரிவு அலுவலர் எழுந்து நின்றார். நான்கு மேசைக்காரர்களும் எழுந்து நின்றார்கள்.

ஒன்பதாம் நாள் கூட்டத்துக்கு அவள் வல்லுநராக அழைக்கப்பட்டாள். இடைப்பட்ட நாட்களில் மெஷின் கண்ணாடிக் கதவோடு ஒற்றைக் கண்ணனைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியின் அழுக்கு மூட்டைகள் நடு அறையை நிரப்பி முன்னறைக்கு வந்தன. நாத்தனார் சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து, கடைசியில் வாசற்படியில் மேசை போட்டு இஸ்திரி செய்தாள்.

“நல்லா யோசிச்சுக்கோங்க அண்ணி. அங்க போய் உண்மையைப் பேசிட்டு வந்துடாதீங்க.”

“சாயம் ஓடுச்சுன்னு சொல்லணும். அவ்வளவுதானே? ஓடுச்சு, ஓடுச்சு, ஓடுச்சு. பார், நல்லாத்தானே வருது.”

“முப்பது வருஷமா ‘சாயம் போயிடுச்சு’ன்னு சொன்ன வாய். பழகிக்கோங்க.”

வல்லுநர் பழகினாள். துணி பிரிக்கும்போது, சோப்புத்தூள் அளக்கும்போது, கணவன் வேனில் இருந்து இன்னொரு மூட்டையை இறக்கியபோதுகூட, “சாயம் ஓடுது” என்று முணுமுணுத்தாள். “எங்க ஓடுது?” என்று அவன் கீழே பார்த்தான்.

ஒன்பதாம் நாள் காலை மேட்ரனிடமிருந்து போன் வந்தது. “நாளையோட சரி. ஞாபகம் இருக்கில்ல?” அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

கூட்ட அறையில் நீள மேசை. பதினோரு உறுப்பினர்கள். ஓரத்தில் ஒரு சுருக்கெழுத்தாளர். அந்த அறையில் யார் வாயிலிருந்து எது விழுந்தாலும் அவர் எழுதியாக வேண்டும், எழுதியதை அடிக்கக் கூடாது. தலைவர் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கைக்குட்டையுமாக வந்து, வல்லுநரை வரவேற்க எழுந்து, வல்லுநரை மறந்து, பேச ஆரம்பித்தார்.

“இந்த வாரியம் தொடங்கி இருபத்தாறு வருஷம். இருபத்தாறு வருஷத்துல ஏழு சொல் குடுத்திருக்கோம். ஏழுதானான்னு சிலர் சிரிக்கறாங்க. நான் கேக்கறேன், அந்த ஏழுல ஒரு குத்தம் சொல்ல முடியுமா? முடியாது. ஏன்னா அதுல ஆறை யாரும் உபயோகிக்கறதே இல்ல. உபயோகிக்காத சொல் தேயாது. பெட்டியில வெச்ச மாதிரி புதுசாவே இருக்கும். ஏழாவது, ‘நிறுத்து’. அதை மட்டும் ஊரே உபயோகிக்குது. அதைக் கண்டுபிடிக்கப் பதினோரு வருஷம் ஆச்சு. ஆனா நமக்கு அதுல நல்ல அனுபவம் இருந்ததால அவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுது.”

உறுப்பினர்கள் கைதட்டினார்கள்.

“இன்னும் சிலர் கேக்கறாங்க: சொல் கிடைக்கற வரைக்கும் மெஷினாவது ஓடட்டுமே, என்ன குறைஞ்சு போச்சுன்னு. இது ரொம்ப ஆபத்தான யோசனை. நல்லா நினைச்சுப் பாருங்க. சொல் இல்லாமலே மெஷின் ஓடிடுச்சுன்னா, அப்புறம் நாம எதுக்கு?”

இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லாததால் கைதட்டல் முன்பைவிடப் பலமாக இருந்தது.

பிறகு வல்லுநரின் முறை. வாளியில் வெந்நீர் வந்தது. சாயம் போகும் சிவப்புத் துணி வேண்டும். அவள் கொண்டுவந்த சிவப்புத் துணியைக் கீழே காவலர், அனுமதிச்சீட்டு இல்லாத பொருள் என்று வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார். எல்லாரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். சிவப்பாக அங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான்: கோப்பைக் கட்டியிருந்த நாடா. பிரிவு அலுவலர் அதை அவிழ்த்துக் கொடுத்தார். வெள்ளைத் துணிக்குத் தலைவர் தன் கைக்குட்டையைப் பெருந்தன்மையோடு நீட்டினார்.

சலவையக்கா இரண்டையும் வாளியில் போட்டாள். தொழில் என்று வந்துவிட்டதால் அவள் கையில் பதற்றம் இல்லை. வெந்நீர் நாரை நெகிழ்த்தும்; நாரில் சரியாகக் கட்டுப்படாத சாயம் நழுவித் தண்ணீருக்கு வரும்; தண்ணீரிலிருந்து, இடம் கிடைக்கிற வேறு நாருக்குப் போகும். இரண்டு நிமிடம் அலசினாள். நாடா வெளிறியது. தண்ணீர் சிவந்தது. கைக்குட்டை ரோஜா நிறத்தில் வெளியே வந்தது.

“வல்லுநர் சொல்லுங்க. இப்ப என்ன ஆச்சு?” என்றார் பிரிவு அலுவலர். அவர் கை முத்திரைப் பெட்டியின் மேல் இருந்தது. பதினான்கு வருட வேலை.

சலவையக்கா மூச்சை இழுத்துப் பிடித்தாள். “சாயம் ஓடுச்சு சார்.”

அறை முழுவதும் ஒரு பெருமூச்சு. சுருக்கெழுத்தாளர் எழுதினார். பிரிவு அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்திரைப் பெட்டியைத் திறந்தார். அந்த நொடியில் தலைவரின் பார்வை கைக்குட்டை மேல் விழுந்தது.

“அடடா! சாயம் போய் என் கர்ச்சீப்பெல்லாம் பிடிச்சிடுச்சே! என் பொண்ணு வாங்கிக் குடுத்ததும்மா அது!”

பேனா நின்றது. பதினோரு முகங்களும் சுருக்கெழுத்தாளரைப் பார்த்தன. சுருக்கெழுத்தாளர் தன் தாளைப் பார்த்தார். எழுதியாகிவிட்டது.

“என்னன்னு பதிவாயிருக்கு?” என்றார் தலைவர் மெதுவாக.

“சாயம் ‘போய்’. ‘பிடிச்சிடுச்சே’. தலைவர் வாயால, ஐயா.”

“அடிக்க முடியாதா?”

“அடிக்கக் கூடாதுன்னு நீங்கதான் ஐயா விதி போட்டீங்க.”

“சார், அவர் கவனமில்லாம சொல்லிட்டார். நான் வல்லுநர். நான் சொல்றேன், ஓடுச்சு, நல்லா ஓடுச்சு, என் கண்ணால பார்த்தேன்!” என்றாள் சலவையக்கா. ஆனால் தலைவரின் சொல் வல்லுநரின் சொல்லைவிட மூன்று படி மேலே என்பது பிரிவு நான்கு. ‘ஓடு’ தள்ளுபடியானது.

தலைவர் சோர்ந்துவிடவில்லை. பத்தே நிமிடத்தில், எல்லா அட்டைக்கும் பொருந்தும்படி, எந்த அட்டைக்காரரும் கோபித்துக்கொள்ளாதபடி, ஒரு புதுச் சொல்லைக் கூட்டமே சேர்ந்து கட்டியது. ஓடுவது, ஒழுகுவது, போவது, நடத்துவது, தேர்தலுக்காக நிற்பது எல்லாம் அதில் வந்தாக வேண்டும் அல்லவா? ‘ஓடொழுகுபோய்நடத்திநில்.’

சலவையக்கா விரலால் காற்றில் அளந்து பார்த்தாள். பொத்தான் ஒரு கட்டைவிரல் அகலம். இந்தத் தகட்டை அடித்தால் அது மெஷின் முகப்பைத் தாண்டிச் சுவருக்குப் போகும். “சார், கடைசியில ‘நில்’னு இருக்கே. ஓட வைக்கிற பொத்தான்ல நில்லுன்னா...”

“அது வேட்பாளருக்கும்மா,” என்றார் தலைவர். “மெஷின் தப்பா எடுத்துக்காது. புதுச் சொல்லை முதல் அட்டையிலிருந்து பொருத்திப் பார்க்கணும். அடுத்த கூட்டம் எட்டு மாசம் கழிச்சு. நீங்களும் வரணும். வாளி நாங்களே தர்றோம்.”

நடைபாதையில், முழுக்கைச் சட்டைக்காரர் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியிருந்தார்.

சலவையக்கா படியிறங்கினாள். நாளைக்குள் நடக்காது. மேட்ரனிடம் என்ன சொல்வது, நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எதுவும் சரியாக வரவில்லை. கீழ்த்தளத்தில் மோட்டார் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவர் துண்டால் மூக்கை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டர் பெட்டி முன்னால் நின்றிருந்தார்.

“மூக்கு ஓடுதா அண்ணே?” என்றாள்.

“ஒழுகுது,” என்றார் அவர் வீம்பாக. “லீவு குடுக்கலைன்னாலும் ஒழுகுது.” கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினார். மோட்டார் உறுமியது. “இன்னைக்கு இது மூணாவது தடவை. மேல அந்தக் குழாயை மூட விடமாட்டேங்கறாங்க.”

திரும்பப்போனவள் நின்றாள். ஸ்டார்ட்டர் பெட்டியில் இரண்டு பொத்தான்கள். சிவப்பின் கீழே ‘நிறுத்து’ தகடு. பச்சையின் கீழே தகடு இல்லை. மெயினில் கம்பியும் இல்லை, ஈயமும் இல்லை. வாரியத்தின் சொந்தக் கட்டடத்தில், வாரியத்தின் சொந்த மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, இந்தப் பச்சைப் பொத்தானுக்குத் தகடு?”

“அதுக்கு எதுக்குத் தகடு?”

“ஆய்வாளர் சீல் வைக்கலையா?”

“வருஷா வருஷம் வர்றார். கண்ணாடியைப் போட்டுப் பார்க்கறார். எழுதிட்டுப் போயிடறார்.” மோட்டார்காரர் சுவரில் தொங்கிய அட்டையைக் காட்டினார். பொத்தான் ஒன்று: தகடு உண்டு. பொத்தான் இரண்டு: அந்நியச் சொல் ஏதுமில்லை. அனுமதி.

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். பச்சைப் பொத்தான் மழமழவென்று இருந்தது. ஓர் எழுத்து இல்லை.

“மொதல்ல மூணு இங்கிலீஷ் எழுத்து இருந்துச்சு,” என்றார் அவர். “ஒரு நாளைக்கு மூணு தடவை, ஏழு வருஷம். என் கட்டைவிரல்லயே தேஞ்சு போச்சு.”

“ஏழு வருஷம்,” என்றாள் சலவையக்கா. அவள் கண் பெட்டிக்கு மேலே, வால்வு தேய்க்க அவர் வைத்திருந்த உப்புத்தாள் துண்டில் நின்றது. “இதால தேச்சா எவ்வளவு நேரம் ஆகும் அண்ணே?”

மோட்டார்காரர் பொத்தானைப் பார்த்தார், உப்புத்தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். “மெல்லிசு தாளா? அஞ்சு நிமிஷம். நனைச்சுத் தேச்சுக்கோ, கீறல் விழாது.”

வழியிலேயே ஆய்வாளர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு அவள் கடைக்கு வந்தாள். நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சொல் கிடைச்சுதா அண்ணி?” என்றாள்.

“சொல் வேண்டாம்டி. கிண்ணத்துல தண்ணி கொண்டா.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆய்வாளர் வந்தார். கண்ணாடியைப் போட்டுச் சாம்பல் பொத்தானைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். விரலால் தடவினார். நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றாள். அது அவள் வாழ்க்கையில் அரிது.

“இங்க ஒரு சொல் இருந்துச்சே.”

“இருந்துச்சு சார்.”

“இப்ப இல்ல.”

“இல்ல சார்.”

ஆய்வாளர் நோட்டைப் புரட்டினார். பிரிவு ஒன்பதை முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் படித்தார். “அந்நியச் சொல் இருந்தா வாரியம். இல்லேன்னா நான் மட்டும் போதும்,” என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு எழுதினார். இடுக்கியால் கம்பியை நறுக்கினார். ஈய முத்திரை தரையில் விழுந்து உருண்டது. “இவ்வளவு நாளா இதை யாரும் செய்யலையேம்மா,” என்றார் வாசலில் செருப்பை மாட்டியபடி. “எனக்கே வருத்தமாத்தான் இருந்துச்சு.”

பதினோராம் நாள் காலைக்கு ஒரு பகலும் ஓர் இரவும் பாக்கி இருந்தன. மூட்டைகள் ஆறு. ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம். சலவையக்கா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள், போதும்.

“அண்ணி, இப்ப இதுல ஒண்ணுமே எழுதலையே. நாளைக்கு நீங்க இல்லாதப்ப நான் எதை அமுக்கறது?”

துணியில் வாடிக்கையாளர் குறி போடும் பச்சை மை இருந்தது. எத்தனை கொதிக்கவைத்தாலும் போகாத மை. சலவையக்கா அதில் குச்சியைத் தோய்த்து, வழுவழுப்பான பொத்தானின் நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். காயும்வரை ஊதினாள். முதல் மூட்டையைப் பிரித்து டிரம்மில் முக்கால் அளவுக்கு, துணி விழ இடம் விட்டுப் போட்டாள். கண்ணாடிக் கதவை ‘டக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்தி மூடினாள்.

“பச்சைப் புள்ளியை அமுக்கினா சுத்தும். சிவப்பை அமுக்கினா நிக்கும்,” என்றாள். நாத்தனார் பச்சைப் புள்ளியை அமுக்கினாள். சுற்றியது.